பெயரைப் பறிகொடுத்த சிறுமி

நல்ல நூலொன்று வீட்டுக்கு வருவது நல்ல விருந்தாளி ஒருவர் வருவதற்கு ஒப்பாகும் என்று மாணவர்களுக்குப் பன்முறை எடுத்துரைத்திருக்கின்றோம். ஆனால், விருந்தாளி சில நாள் தங்கிவிட்டு விடைபெற்றுச் செல்வார். வந்த நூல் விடைபெற மறுத்து, வீட்டிலுள்ள பிள்ளையின் கண்ணையும் கருத்தையும் தனதாக்கிக்கொண்டால் என்ன செய்வது? அதுவும் பரீட்சைக்கு நான்கே மாதங்கள் இருக்கும் வேளையில்? மேடையில் நின்று வாசிப்பின் பெருமையைப் பேசுவது எளிது. வீட்டில் அதனைப் பொறுத்துக்கொள்வது அத்துணை எளிதன்று. இவ்வுண்மையைச் சென்ற ஆண்டு எமது இல்லத்திலேயே கற்றுக்கொண்டோம்.

எமது மகளின் சித்தி கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபொழுது அவளுக்கென ஒரு நூலைக் கொண்டுவந்தார். அமெரிக்க எழுத்தாளரான ஊர்சுலா லெ குவின் அம்மையார் எழுதிய 'ஏர்த்சீ' என்னும் கற்பனைத் தொடர்கதையின் தொகுப்பு அது. தொடரின் முதல் நூல் வெளிவந்து ஐம்பது ஆண்டுகள் நிறைவுற்றதையொட்டி, 2018ஆம் ஆண்டில், சார்ள்ஸ் வெஸ் என்னும் ஓவியரின் படங்களோடு ஒரே நூலாக வெளியிடப்பட்டது. ஏறக்குறைய ஆயிரம் பக்கங்கள். அம்மிக்குழவி போன்று பாரமான அதனைக் கையிலெடுத்து, "இதை யார் வாசித்து முடிக்கப்போகிறார்கள்?" என்று நாம் சிரித்தோம். பத்து நாட்களுக்குள் அச்சிரிப்பு எம்மைவிட்டு அகன்றது.

பிள்ளை அந்நூலுக்குள்ளே குடிபுகுந்துவிட்டாள். மூன்று முறை அழைத்தாலும் சாப்பிட வருவதில்லை. வந்தாலும் இடியப்பத்தைப் பிசைந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தேநீர் ஆறிப்போகும், தம்பி கேட்ட கேள்விக்கு மறுமொழி வராது. இக்காலத்துப் பிள்ளைகள் நூல்களைத் தொடுவதில்லையே என்று ஆசிரியர் அறையிலே நாள்தோறும் அங்கலாய்ப்பவர்களுள் நாமும் ஒருவர். எனினும், எமது பிள்ளை ஒரு நூலைத் தொட்டதும் எமக்குக் கோபமே வந்தது.

பூட்டிய அலுமாரி

ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அவளுடைய அறையில் வெளிச்சம் தெரிந்தது. எட்டிப் பார்த்தோம். மேசைமீது விஞ்ஞானக் கொப்பி திறந்து கிடந்தது. மடிமீது அப்பெரிய நூல். நாம் ஒன்றும் பேசாது நூலை எடுத்துச் சென்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம். அவள் அழவில்லை; வாதாடவுமில்லை. கதவருகே வந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பா, அந்தப் பிள்ளைக்கு அவளின்ரை பேரைத் திருப்பிக் குடுக்கினமோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ."

எந்தப் பிள்ளை? எந்தப் பெயர்? எமக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் படுத்த பின்னரும் நித்திரை வரவில்லை. எமது இளமைக்கால நினைவொன்று எழுந்தது. 1990களில் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகள் அவை. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாக இருந்தது. ஜாம் போத்தலுக்குள்ளே திரியிட்டு, சிறிதளவு எண்ணெயில் எரியவிட்ட விளக்கின் முன்னிருந்து 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகங்களையும் இரவல் கிடைத்த ஒழுங்கிலே, அதாவது முன்பின் மாறி, நாம் வாசித்தோம். எண்ணெய் வீணாகின்றதே என்று அம்மா வந்து விளக்கை ஊதி அணைப்பார். அணைத்த பின்னரும் அவ்விருளிலே வந்தியத்தேவனின் குதிரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அன்று அணைக்கப்பட்டவர் நாம். இன்று அணைப்பவரும் நாமே!

எழுந்து சென்று அலுமாரியைத் திறந்தோம். மகள் கேட்ட கேள்விக்கு விடையுள்ள பக்கத்தை மாத்திரம் பார்த்துவிட்டு மூடிவிடுவது என்பதே எமது எண்ணம். நூலை மூடியபொழுது பக்கத்து வளவில் சேவல் கூவிற்று.

பெயரே மந்திரம்

இத்தொடரை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது கூறுவோம். ஏர்த்சீ என்பது பெருங்கடலிலே சிதறிக் கிடக்கும் தீவுகளின் உலகம். அங்கே மந்திரம் உண்டு, பறவைநாகங்களும் உண்டு. ஆனால் அங்குள்ள மந்திரம் கோலை ஆட்டி வித்தை காட்டுவதன்று. ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வோர் உயிருக்கும் உண்மைப் பெயர் ஒன்று உண்டு. அப்பெயரை அறிந்தவனே அதன்மேல் ஆணை செலுத்த வல்லவன். ஆகையால் மனிதர் தம் உண்மைப் பெயரை உயிரினும் மேலாகக் காத்து, ஊரார் அழைப்பதற்கு வேறொரு பெயரை வைத்துக்கொள்வர். உண்மைப் பெயரை ஒருவருக்குச் சொல்வதென்பது உயிரையே அவர் கையில் ஒப்படைப்பது போலாகும்.

1968ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் நூல், ஆட்டிடையனாக வளர்ந்து மந்திரவாதியாகிய கெட் என்னும் இளைஞனின் கதை. இறுமாப்பினாலே தானே வரவழைத்த நிழலொன்றுக்கு அஞ்சி ஓடி, ஈற்றில் திரும்பி நின்று அதனை எதிர்கொள்கிறான். அவன் செம்பு நிறத்தவன். அவனுடைய தோழன் கறுப்பு நிறத்தவன். வீரர் என்போர் வெள்ளை நிறத்தவரே என்ற வழக்கம் நிலவிய காலத்தில் அம்மையார் வேண்டுமென்றே இவ்வாறு படைத்தார். 2004ஆம் ஆண்டில் தொலைக்காட்சிக்காக இக்கதையைப் படமாக்கியவர்கள் அவனை வெள்ளையனாக்கியபொழுது, அம்மையார் பகிரங்கமாகவே அதனைக் கண்டித்தார்.

ஆயினும் அந்த முதல் நூலிலே ஒரு குறை உண்டு. றோக் தீவிலுள்ள மந்திரக் கல்லூரியில் ஆண்களுக்கே இடம். பெண்களின் மந்திரத்தை இழித்துரைக்கும் பழமொழியொன்றும் அவ்வுலகத்தில் வழங்குகின்றது. 1971ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த இரண்டாம் கதையாகிய 'அற்றுவான் சமாதிகள்' தொடங்கும்போதுதான் எமது மகளை ஆட்கொண்ட அச்சிறுமி வருகிறாள்.

விழுங்கப்பட்டவள்

அவள் பெயர் தெனார். ஏழைப் பெற்றோரின் பிள்ளை. ஒரு கோயிலின் தலைமைப் பூசாரிணி இறந்த இரவிலே பிறந்தாள் என்ற ஒரே காரணத்தினால், அப்பூசாரிணியே மீண்டும் பிறந்தாள் எனக் கொண்டு, ஐந்து வயதிலே அவளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் செல்கின்றனர். ஆறாம் வயதிலே சடங்கொன்று நடத்தி அவள் பெயரைப் பறித்துவிடுகின்றனர். அதன்பின் அவள் 'அர்ஹா'. விழுங்கப்பட்டவள் என்பது அதன் பொருள். நிலத்துக்கு அடியில் உறையும் பெயரற்ற இருட்சக்திகளுக்கு அவள் காணிக்கை.

அவளை எவரும் வதைப்பதில்லை. மாறாக, மரியாதை செய்கின்றனர். மிகப் பெரிய பொறுப்புக்குரியவள் என்று ஓயாது சொல்லிச் சொல்லி வளர்க்கின்றனர். விளக்கேற்றவே கூடாத நிலவறையையும், அதற்கப்பாலுள்ள சுருள்வழிகளையும் இருளிலே கையால் தடவித் தடவி மனனஞ் செய்வதே அவளுடைய கல்வி. அக்கல்வியில் அவள் கெட்டிக்காரி. தன்னை விழுங்கிய இருளையே தனது பெருமையென எண்ணுகின்றாள்.

பதினைந்து வயதளவிலே ஒரு நாள், வெளிச்சமே புகாத நிலவறையில் அவள் வெளிச்சத்தைக் காண்கின்றாள். உடைந்துபோன பழைய வளையம் ஒன்றின் மறுபாதியைத் தேடி வந்த கெட் அங்கே நிற்கின்றான். அவனை உள்ளே விட்டுக் கதவை அடைப்பதும் அவளே; சாகவிட மனமின்றித் தண்ணீர் கொடுப்பதும் அவளே. அவன் அவளுக்குக் கைம்மாறாகக் கொடுப்பது பொன்னுமன்று, மந்திரமுமன்று, அவளுடைய பெயர். "தெனார்" என்று அழைக்கின்றான். அடுத்த நாள் விழித்தெழும் அச்சிறுமி தன் பெயரைத் தானே உரத்துச் சொல்லிப் பார்க்கும் இடத்தை வாசித்தபொழுது, நாற்பது வயதைக் கடந்த இவ்வாசிரியருக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

பின்னர் இருவரும் தப்புகின்றனர். இதிலே யார் யாரைக் காப்பாற்றினார் என்று கேட்டால் விடை கூறுதல் அரிது. சரிந்து விழும் நிலவறையை அவன் தன் ஆற்றலால் தாங்குகின்றான்; ஆனால் வழி தெரிந்தவள் அவளே. வாளேந்திப் பலரை வெட்டி வீழ்த்தும் பெண்ணே வீராங்கனை என்று எண்ணுவோர் தெனாரை வீராங்கனை என்று ஒப்பமாட்டார். வெளியே வந்த பின் அவள் வெற்றி முழக்கம் செய்வதுமில்லை. பரந்த உலகத்தைக் கண்டு அஞ்சுகின்றாள். தன்னை வெளியே கொண்டுவந்தவனையே கொல்லக் கத்தியை எடுக்குமளவுக்கு அஞ்சுகின்றாள். விடுதலை என்பது கிடைத்தவுடன் இனிப்பதன்று, சுமந்து பழகவேண்டிய பாரம் என்பதை இத்துணை நேர்மையாகச் சிறுவர் நூலொன்றிலே நாம் முன்னர் கண்டதில்லை.

ஆனால் எம்மை அன்றிரவு வருத்தியவன் வேறொருவன். மனான் என்று ஒரு காவற்பணியாள். தெனாரைச் சிறுவயது முதல் தூக்கி வளர்த்தவன். அவள்மேல் அளவிறந்த அன்புடையவன். அவள் அழுதால் தேற்றுவான், பசித்தால் ஊட்டுவான், வெளியே செல்லமட்டும் விடான். அக்கோயிலிலே அவளை உண்மையாக நேசித்தவன் அவனே. அவள் சிறைக்குக் காவலிருந்தவனும் அவனே.

அந்த முகத்தை நாம் எங்கோ பார்த்திருந்தோம். எமது சவரக் கண்ணாடியில்.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யத் தொடங்கிய நாள் முதலாக எமது மகளின் பொழுது எமது கையிலே இருந்தது. விடியற்காலை படிப்பு, பாடசாலை, மாலையிலே தனியார் வகுப்பு, இரவிலே மீட்டல். எல்லாம் அவளுடைய நன்மைக்காகவே. அவளைப் பெயர் சொல்லி அழைத்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தோம். "படிச்சாச்சோ?" என்பதே அவளுடைய பெயராகிவிட்டிருந்தது.

பரீட்சையைச் சமாதியென்று கூற நாம் துணியோம். எமது அடுப்பிலே சோறு வேகுவதும் அதனாலேதான். இப்பிரதேசத்துப் பிள்ளைகள் பலருக்கு முன்னேறுவதற்கு வேறு ஏணி இல்லை என்பதையும் அறிவோம். ஆனால் ஏணியிலே ஏறும் பிள்ளைக்குத் தன் பெயர் நினைவிருக்க வேண்டுமன்றோ?

மறுநாட் காலை நூலை அவள் கையிலே கொடுத்தோம். "பேரைக் குடுத்தவையோ அப்பா?" என்றாள். "நீயே வாசித்துப் பார், பிள்ளை" என்று அவள் பெயரையும் சொல்லிக் கூறினோம். ஓர் உடன்படிக்கையும் செய்துகொண்டோம். பாடங்கள் முடிந்த பின் நாள்தோறும் ஒரு மணிநேரம் அந்நூலுக்கு. அவள் அதனை மீறவில்லை. மீறியவர் நாமே. நூலை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கி, தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தி முடிக்கத் தாமதமாகி, அதிபரிடம் ஒரு சொல் கேட்கவும் நேர்ந்தது.

பதினெட்டு ஆண்டுகளின் பின்னர்

மூன்றாம் நூல் 1972ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதனோடு கதை முடிந்ததென்றே பலரும் எண்ணினர். ஆனால் பதினெட்டு ஆண்டுகளின் பின், 1990ஆம் ஆண்டிலே, 'தெஹானு' என்னும் நான்காம் நூலை அம்மையார் எழுதினார். முதல் நூல்களை ஆண்களே வகுத்த வீரகதை மரபிலே நின்று எழுதியிருந்ததை அவர் 1992ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்டில் நிகழ்த்திய உரையொன்றில் எடுத்துரைத்தார். தாம் படைத்த உலகத்தை இடித்துவிடாமல், அதே உலகத்தை ஒரு பெண்ணின் கண்ணால் மீண்டும் பார்க்கத் துணிந்தார். மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாயாகிய அவருக்கு அப்பொழுது வயது அறுபது.

'தெஹானு'விலே தெனார் நாற்பதைத் தாண்டிய கைம்பெண். ஓகியன் என்னும் பெரிய மந்திரவாதி தமது வித்தையைக் கற்பிக்க முன்வந்தும், அதனை விடுத்து, சாதாரண வாழ்வை விரும்பிக் கமக்காரன் ஒருவனை மணந்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். இப்பொழுது, தன்னவர்களாலேயே அடித்துத் தீயிலே தள்ளப்பட்டு, முகத்தில் ஒரு பாதி வெந்து, ஒரு கண்ணும் ஒரு கையும் பழுதுபட்ட சிறுமி ஒருத்தியை எடுத்து வளர்க்கின்றாள். கெட்டும் வருகின்றான், தன் மந்திர ஆற்றல் முழுவதையும் இழந்தவனாக. ஆட்டுப்பாலும் அடுப்பும் தோட்டமும் நிறைந்த கதை. நூலின் பெரும்பகுதியில் பெரிய போர் ஏதும் இல்லை.

எமது மகளுக்கு இந்நூல் பிடிக்கவில்லை. "ஒண்டும் நடக்கேல்லை அப்பா. அவள் சும்மா வயசாகிப் போனாள்" என்று முகத்தைச் சுளித்தாள். அதனைக் கேட்டுக்கொண்டு அடுக்களையிலே நின்ற எமது மனைவி, "சும்மாவோ? தா பாப்பம்" என்று நூலை வாங்கினார். வேலையும் வீடும் என்று ஓடுகின்ற அவர் கதைநூலொன்றைக் கையிலெடுத்துப் பல ஆண்டுகளாகிவிட்டன. சொதி கொதிக்கும் நேரத்திலும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்திலுமாக, மூன்று வாரங்களில் அதனை முடித்தார். அவர் கூறிய விமரிசனம் இது:

"முதல் புத்தகங்களிலை எல்லாரும் சாப்பிடுகினம், ஆர் சமைச்சது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. இதிலைதான் சொல்லிக் கிடக்கு."

பட்டதாரியாகிய நாம் எவ்வளவு எழுதினாலும் இதனைவிடச் சுருக்கமாக அந்நூலின் சிறப்பைக் கூறியிருக்க மாட்டோம்.

யாருடைய வேலை?

அன்றிரவு எமது மனைவி, கறிவேப்பிலைக் காம்பொன்றை அடையாளமாக வைத்த பக்கத்தை எம்மிடம் நீட்டினார். தெனாரின் மகன் கப்பலிலிருந்து வீடு திரும்பும் பகுதி அது. அவன் உண்டுவிட்டு எழும்புகின்றான். மேசையை ஒதுக்கும்படி தாய் சொல்கின்றாள். அது பெண்களின் வேலை என்கின்றான் அவன். இந்த அடுக்களையில் உண்ணும் எவருக்கும் உரிய வேலை அது என்கின்றாள் தாய். அவன் கேளாமல் வெளியே போய்விடுகின்றான். இவனை நான் சரியாக வளர்க்கவில்லையே என்ற துயரம் அவளைப் பற்றுகின்றது. இருட்சக்திகளின் பிடியிலிருந்து மீண்டவள், ஓர் எச்சிற் கோப்பையின் முன்னே தோற்று நிற்கின்றாள்!

வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினோம். எமது சாப்பாட்டுக் கோப்பை மேசைமீது இருந்தது. அதன் அருகே எமது மகனுடைய கோப்பையும் இருந்தது. எமக்கு முன்னே உண்டு முடித்த மகளின் கோப்பை எப்பொழுதோ கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. இருபது ஆண்டுகளாக அவ்வீட்டிலே உண்டு வருகின்றோம். இவ்வேறுபாடு அன்றுதான் கண்ணிற் பட்டது. எமது மனைவி ஒன்றும் சொல்லவில்லை. நாம் எழுந்து இரண்டு கோப்பைகளையும் எடுத்தோம்; ஒன்றை மகன் கையிலே கொடுத்தோம். அவன் எம்மை வியப்போடு பார்த்தான். "அப்பாவுக்கு என்ன நடந்தது?" என்று அக்காவிடம் மெல்லக் கேட்டான். "புத்தகம் வாசிச்சவர்" என்றாள் அவள்.

கற்பனைக் கதைகளிலே மூழ்குவது வாழ்க்கையிலிருந்து தப்பியோடுவதாகும் என்று கூறுவோர் உளர். ஓடுவோரும் உளர், மறுக்கவில்லை. ஆனால் நீண்ட கதையொன்றின் நன்மை, அதன் மாந்தரோடு நாம் நெடுங்காலம் வாழ்கின்றோம் என்பதே. 1968 முதல் 2001 வரை, முப்பத்துமூன்று ஆண்டுகளாக, அம்மையார் இவ்வுலகத்தை எழுதிக்கொண்டிருந்தார். சிறுமியாக வந்த தெனார் தாயாகி, கைம்பெண்ணாகி, 2001ஆம் ஆண்டில் வெளிவந்த இறுதி நாவலிலே முதியவளாகி அரசனுக்கே அறிவுரை கூறுகின்றாள். எமது வீட்டிலே மூவரும் ஒரே நூலை வாசித்தோம். மகள் பதினைந்து வயதுத் தெனாரைக் கண்டாள். மனைவி நாற்பது வயதுத் தெனாரைக் கண்டார். நாமோ மனானைக் கண்டோம். அம்மையார் 2018ஆம் ஆண்டு சனவரியில், தமது 88ஆம் வயதிலே காலமானார். கடல் கடந்து, எமது அடுக்களை மேசைவரை அவருடைய தெனார் வந்து சேர்ந்தாள்.

பெற்றோருக்கு ஒரு சொல். முதலிரண்டு நூல்களையும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் தயங்காது கொடுக்கலாம். 'தெஹானு'விலே குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமை பற்றிய செய்திகள் வருவதால், அதனைப் பெரியவர்கள் முதலில் வாசித்துவிட்டுக் கொடுப்பது நன்று. மாணவர்களுக்கும் ஒரு சொல். பாடநூலைக் கைவிட்டு வீராங்கனையாகிய எவரும் இக்கதையில் இல்லை. தெனார் தப்பியது, தன் சுருள்வழிகளைப் பிழையின்றிக் கற்றிருந்தமையாலேயே.

எமது மகள் பரீட்சை எழுதிவிட்டாள். பெறுபேறு இன்னும் வரவில்லை. எப்படி வருமென்று நாம் சோதிடம் கூறமாட்டோம். பரீட்சை முடிந்த அன்று மாலை அந்நூலைத் தூசி தட்டி அலுமாரியிலே வைத்தவள், "எனக்கு நாப்பது வயசு வரேக்கை 'தெஹானு'வைத் திரும்ப வாசிச்சுப் பாக்கிறன்" என்றாள். வைத்துக்கொள்ளட்டும். அந்த அலுமாரியை இப்பொழுது நாம் பூட்டுவதில்லை.